இரட்டை வேடச் சின்னப்பா

தருமபுரி நேயர்களே, 1940-இல் நம் ஊரும் சேலம் மாவட்டம்தான். அந்தச் சேலத்தில், ஏற்காடு சாலையிலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அந்த ஆண்டு ஒரு வித்தையைக் காட்டியது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தமபுத்திர'னில் பி. யு. சின்னப்பா அண்ணன் தம்பி இருவராகவும் வந்தார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அது.

இரட்டை வேடக் காட்சியை அப்போது எப்படி எடுத்தார்கள்? சட்டத்தின் ஒரு பாதியை மறைத்துவிட்டுப் படம்பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியில் மீண்டும் பிடிப்பார்கள். காமிரா இம்மியும் அசையக் கூடாது. எதிரே ஆளே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேசி நடிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும், பாருங்கள்!

அந்தத் தேர்ச்சியை நாடக மேடை தந்தது. 1916-இல் புதுக்கோட்டையில் பிறந்த சின்னப்பா, சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். எம்.ஜி.ஆரும் அங்கே உடன் நடித்தவர்தான். பாட்டோடு சிலம்பமும் கற்றார் சின்னப்பா.

பின்னர் 'ஆரியமாலா', 'கண்ணகி' என்று வரிசையாகப் புகழ். 1949-இல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். ஆனால் 1951-இல், முப்பத்தைந்தே வயதில் மறைந்துவிட்டார். நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் 1944-இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னைப் பாருங்கள். கச்சேரிக் காட்சியில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களுமாக ஐந்து சின்னப்பாக்கள்!