பழைய தானுந்துகளின் எண்ணெய்ச் சோதனை

எண்ணெய்ச் சோதனை என்பது, பயன்பாட்டில் உள்ள என்ஜின் ஆயிலில் சிறிதளவு எடுத்து, அதில் கலந்துள்ள நீர், தூசி, உலோகத் துகள்கள் ஆகியவற்றைக் கண்டறிந்து, பொறியைப் பிரிக்காமலேயே அதன் நிலையை அறியும் முறை ஆகும். 1946 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெசுட்டர்ன் தொடருந்து நிறுவனம் தன் டீசல் பொறிகளுக்கு இம்முறையைக் கையாண்டது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 திசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் தானுந்துகள் மூழ்கின. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் அங்கு வெள்ளம் சூழ்ந்தது. இவ்வாறு மூழ்கியவை துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, பழைய வண்டிகளாக விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கை உறையை மாற்றி விற்பவர் கியர் பெட்டியின் எண்ணெயையும் மாற்றியிருப்பார் என்று நம்புவதற்கில்லை. சூடாக உள்ள கியர் பெட்டி வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

நீர் கலந்த எண்ணெய் பால் சேர்த்த தேநீர்போல் காணப்படும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணிறப் படிவு இருந்தால், அது குறுந்தொலைவு ஓட்டத்தால் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். ஐயமிருப்பின் ஒரு சொட்டை ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பமுள்ள தகட்டில் இட்டுப் பார்ப்பர். நீர் இருந்தால் சடசடவென வெடிக்கும். கண் பாதுகாப்பின்றி இதைச் செய்தலாகாது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் பொறியை எண்ணெயைப் பார்க்கும் முன் இயக்கக் கூடாது. உருளைக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

ஆய்வகச் சோதனை

ஆய்வகத்தில் நிறமாலைமானி மூலம் உலோகங்கள் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என அளக்கப்படுகின்றன. இரும்பு உருளைச் சுவரின் தேய்மானத்தையும், ஈயமும் செம்பும் பேரிங்கின் தேய்மானத்தையும் காட்டக்கூடும். சோடியம் அல்லது பொட்டாசியம் மிகுந்தால் கூலண்ட் கசிவை ஐயுறலாம். சிலிக்கான் பெரும்பாலும் தூசியே. எனினும் அண்மையில் பூசிய கேசுகட் பசையிலிருந்தும் அது வரும். பெரிய துகள்கள் இக்கருவிக்குப் புலப்படா. ஒரே ஒரு அறிக்கையைக் கொண்டு பொறியைப் பழுதென்று ஒதுக்குவது தவறு. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களின் அளவுகளை ஒப்பிட வேண்டும்.

பிரேக் ஆயில்

கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் வெள்ளமின்றியே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் இது கருதத்தக்கது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் இவ்வரம்பு 140 பாகை மட்டுமே. இத்தகைய வண்டி தாம்பரத்தின் சமதளச் சாலைகளில் குறையின்றி நிற்கும். ஏற்காட்டு மலைச்சாலையில் இறங்குகையில் ஆயில் கொதித்து ஆவியாகி, மிதி தரைவரை சென்றும் வண்டி நில்லாது போகலாம்.