முதுகந்தண்டின் நெருக்கமும் நெகிழ்ச்சியும்

பாரந் தாங்குதலும் வளைந்து கொடுத்தலும் ஒன்றற்கொன்று மாறான தொழில்கள். அவ்விரண்டையும் ஒருங்கே ஆற்றுவது நமது முதுகந்தண்டு. அதன் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றினூடே செல்லும் குழல் வழியே கால்களுக்குரிய நரம்புகள் இறங்குகின்றன.

மூப்பினால் எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் தேயும், மூட்டுகள் பருக்கும், பிணிக்கும் நார்கள் தடிக்கும். அதனால் குழல் ஒடுங்கி நரம்புகளை நெருக்குகின்றது. இந்நோயுற்றார் சிறிது தூரம் நடந்தவுடன் கால் கடுத்து, மரத்து, நின்றுவிடுவர். முன்குனிந்தாலும் அமர்ந்தாலும் நோவு தணியும். குனியுங்கால் குழல் சற்றே அகலுதலே அதற்குக் காரணம். ஹாலந்து தேசத்து வைத்தியர் ஹெங்க் வெர்பீஸ்ட் என்பார் 1954-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இந்நோயின் இயல்பை விளங்க உரைத்தார்.

மருந்தாலும் பயிற்சியாலும் தீராதவிடத்து, இரண வைத்தியர் குழலின் பின்சுவராகிய எலும்புத் தகட்டை அகற்றி நரம்புகளை விடுவிப்பர். ஈண்டே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நெருக்கும் எலும்பே தாங்கும் எலும்புமாம். இருபுறத்துமுள்ள சிறு மூட்டுகள், மேலெலும்பு முன்னோக்கி வழுவாதபடி தடுப்பன. அவற்றிற் பாதிக்கு மேல் வெட்டுண்டால் பிணிப்புக் குலைந்து, மேலெலும்பு கீழெலும்பின்மீது வழுக்கக்கூடும். அறுவைக்கு முன்னரே வழுக்கல் உடையார்க்கு இவ்வச்சம் மிகுதி. சிலகாலம் நலமாயிருந்தபின் இடுப்பு நோவும் கால்நோவும் மீளும். குனிந்தும் நிமிர்ந்தும் நிற்கையில் எடுத்த எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு வைத்தியர் இதனை அறிவர்.

அங்ஙனமாயின், திருகாணியும் கம்பியும் இட்டு எல்லார்க்கும் எலும்புகளை இணைத்துவிடலாகாதோ எனின், ஆகாது. 2016-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியில் 247 நோயாளர் இருந்தனர். இணைப்பும் பெற்றவர், விடுவிப்பு மட்டும் பெற்றவரினும் மேலான நலம் அடைந்திலர். அவ்வாண்டே அமெரிக்காவில், வழுக்கலுடைய 66 பேரிடம் நடந்த ஆராய்ச்சியோ இணைப்பிற்குச் சிறிது மேன்மை கண்டது. 2021-இல் வெளியான நார்வே ஆராய்ச்சி, வழுக்கலுடைய 267 பேரிடத்தும் விடுவிப்பு மட்டுமே இணைப்பிற்குத் தாழ்ந்ததன்று எனக் காட்டிற்று. மேலும், இணைப்பினால் அறுவை நீளும், குருதியிழப்பு மிகும், அயலெலும்புகளின் பளுவும் ஏறும். ஆயினும், எலும்பின் அசைவு வெளிப்படையாய் மிக்கிருப்பார்க்கு அதுவே துணையாதலும் உண்டு.

ஆதலின் இதன்கண் வேண்டுவது அளவறிதலே. நடுமுள்ளையும் நார்களையும் மூட்டுகளையும் இயன்றவரை காத்து, நெருக்கும் பகுதியை மட்டும் நீக்குதலே தேர்ந்த வைத்தியர் நாடும் வழி. நம் இல்லத்து முதியோர்க்கு இச்சிகிச்சை நேருமிடத்து, “எதனை நீக்குவீர்கள்?” என வினவுவதோடு அமையாது, “எதனை நிறுத்துவீர்கள்?” எனவும் வினவுதல் நலம்.