சிற்றாறு சிறிய ஆறா?

சிறுமை + ஆறு = சிற்றாறு என்று இலக்கண வகுப்பில் பிரித்து எழுதுகிறோம். பெயரில்தான் சிறுமையே தவிர, அது செய்யும் பணி பெரிது. எப்படி என்று பார்ப்போமா?

எங்கள் சுந்தரபாண்டியபுரத்து வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில்போல் தெரியும். அந்த மதிலில் உள்ள வாசலே செங்கோட்டைக் கணவாய். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, கேரளச் சரிவில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டியும் கணவாய் வழியாகவும் நம் பக்கம் வரும் மிச்சமே சாரல். தமிழ்நாட்டின் பல ஆறுகள் வறண்டு கிடக்கும் ஜூன், ஜூலையில் சிற்றாறு நுரைத்து ஓடுவது இதனால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் அதற்கு நீர் தருகிறது.

குற்றால மலையில் பிறக்கும் இவ்வாறு தேனருவி, செண்பகாதேவி அருவி ஆகியவற்றைக் கடந்து பேரருவியாக விழுகிறது. பாறையில் உள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளம் நீரின் வேகத்தைத் தணிப்பதால்தான் நாம் அதன்கீழ் நின்று குளிக்க முடிகிறது. பின்னர் தென்காசி வழியாகக் கிழக்கே சென்று, வீரகேரளம்புதூரில் அனுமன் நதியைச் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. சுமார் 80 கிலோமீட்டர் தூரமே ஓடும் இதன் குறுக்கே 17 அணைக்கட்டுகள் உள்ளன. அவை நீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களை நிரப்புகின்றன. குளம் பெருகினால் நெல் விளையும், வீடு செழிக்கும்.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஆகவே மேலே காட்டில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித்தான் வந்தது. எங்களைவிட இரண்டே வயது மூத்த ஒரு மாணவர் அதில் உயிரிழந்தார். அன்று முதல், காவலர்கள் "வெளியே வாருங்கள்" என்று விசில் ஊதும்போது நாங்கள் முணுமுணுப்பதில்லை.

இந்த ஆற்றின் உண்மையான அணை காடுதான். மரங்களின் வேரும் உதிர்ந்த இலைகளும் மழைநீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. காடு அழிந்தால் மழை பெய்த அன்று வெள்ளமும் மறுவாரம் வறட்சியுமே மிஞ்சும்.

தோழியரே, அருவிக்கரையில் நாம் வீசும் ஷாம்பு உறை அங்கேயே கிடப்பதில்லை. கால்வாய் வழியே அது யாரோ ஒரு விவசாயியின் வயலை அடைகிறது. அடுத்த சீசனுக்குக் குற்றாலம் செல்லும்போது நாம் கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவருவோம். சிற்றாற்றுக்கு நம்மால் செய்யக்கூடிய சிறு உதவி அதுவே.