பழைய பேனைக்கு வயது பார்ப்பது எப்படி?

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளில் அலுமாரி ஒதுக்கும்போது ஒரு மைப்பேனை அகப்படுவதுண்டு. "அப்பப்பாவுடையது, நூறு வருஷம் இருக்கும்" என்பார்கள். உண்மையில் எவ்வளவு பழையது என்று அந்தப் பேனையை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூடியிலுள்ள பெயர் மட்டும் அதற்குப் போதாது. ஒரே பெயரில் பல பத்தாண்டுகளாகப் பேனைகள் வந்துள்ளன.

நமக்குத் தேவை இரண்டு எல்லைகள். எந்த ஆண்டுக்கு முன் இதைச் செய்திருக்க முடியாது? எந்த ஆண்டுக்குப் பின் செய்திருக்க முடியாது? இந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் வயது தானாகப் பிடிபடும்.

உடல் எதனால் ஆனது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான பேனைகள் எபனைட்டால் ஆனவை. இயற்கை இறப்பரில் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து சூடாக்கினால் கிடைக்கும் கெட்டியான பொருள் அது. 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நட்டு இலங்கையின் இறப்பர்ச் செய்கைக்கு வித்திட்ட அதே மரத்தின் பால்தான் இதற்கும் மூலம். எபனைட்டை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஒட்சியேற்றமடைந்து, கறுப்பு நிறம் பழுப்பாகவோ பாசிப்பச்சையாகவோ மங்கும். அப்படி மங்கிய பேனையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் இன்னும் கெடும்.

1924இல் ஷேபர் நிறுவனம் செலுலொயிட் பேனைகளை அறிமுகப்படுத்தியது. மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. முத்துப்போல மினுங்கும் வண்ண உடல் கொண்ட பேனை அதற்கு முந்தியதாக இருப்பது அரிது. தேய்த்தால் கற்பூர வாடை வருவது செலுலொயிட்டின் அடையாளம். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் செய்துவிடாதீர்கள். செலுலொயிட் எளிதில் தீப்பற்றும். ஆங்கிலேய நிறுவனமான கொன்வே ஸ்டுவர்ட் பாற்புரதத்திலிருந்து செய்யும் கேசீனையும் பயன்படுத்தியது. அது தண்ணீரில் ஊறி உப்பிவிடும்.

மை எப்படி ஏறுகிறது?

நிப்புப் பகுதியைக் கழற்றிச் சொட்டுக்குழாயால் மை விடும் பேனைகள் பழைய வகை. உடலின் பக்கத்தில் சிறு நெம்புகோல் இருந்தால் அது உள்ளே இருக்கும் இறப்பர்ப் பையை அழுத்தும். இந்த ஏற்பாட்டை 1912இல் ஷேபர் சந்தைக்குக் கொண்டுவந்தார். வாட்டர்மன் 52 என்ற எண்ணில் 5 இந்த நெம்புகோலையும் 2 நிப்பின் அளவையும் குறிக்கும்.

மாதிரியும் மை ஏற்றும் முறையும் சேர்ந்தால் இரண்டு எல்லைகளும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதற்குப் பார்க்கர் 51 நல்ல எடுத்துக்காட்டு. 1941இல் விற்பனைக்கு வந்த இந்தப் பேனையின் நிப்பு உடலுக்குள் மறைந்திருக்கும். வேகமாக உலரும் காரத்தன்மை மிக்க மையைத் தாங்குவதற்காக உடலை அக்ரிலிக்கில் செய்தார்கள். பின்முனையிலுள்ள சிறு மூடியைத் திருகினால் அழுத்தும் குமிழ் தெரிகிறதா? அப்படியானால் அது 1941க்கும் 1948க்கும் இடையில் வந்த வகை. உடலைக் கழற்றியதும் உள்ளே உலோக உறையும் அதனுள் அழுத்தும் பையும் இருந்தால் 1948இலோ அதற்குப் பின்னரோ வந்தது. இந்தப் பை இறப்பர் அல்ல, பிவிசி. அதனால்தான் பல பேனைகளில் அது இன்றும் வேலை செய்கிறது.

எழுத்தும் புள்ளியும்

இனிப் பூதக்கண்ணாடி வேண்டும். 1938இன் நடுப்பகுதி முதல் 1940கள் முழுவதும், அமெரிக்காவில் செய்த பார்க்கர் பேனைகள் பலவற்றின் உடலில் ஓர் இலக்கமும் சில புள்ளிகளும் பதிந்திருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் மூன்றானால் முதற் காலாண்டு, இரண்டானால் இரண்டாவது, ஒன்றானால் மூன்றாவது; புள்ளியே இல்லாவிட்டால் நான்காவது. காலாண்டு முடிய அச்சிலிருந்து ஒரு புள்ளியைத் தேய்த்து எடுத்தால் போதும் என்பதே இதன் வசதி. பார்க்கர் 51 ஒன்றில் 4 என்ற இலக்கமும் ஒரு புள்ளியும் இருந்து, பின்முனையில் குமிழும் இருந்தால் அது 1944இன் மூன்றாம் காலாண்டு.

பிரித்தானியாவில் செய்த கெட்டித் தங்க, வெள்ளி உறைகளில் தரமுத்திரை இருக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும் நங்கூரம் பேர்மிங்ஹமையும் குறிக்கும். பக்கத்திலுள்ள எழுத்து ஆண்டைச் சொல்லும். 1975 வரை ஒவ்வொரு நகரமும் தனித்தனி எழுத்து வரிசையை வைத்திருந்ததால், நகரத்தை முதலில் உறுதிசெய்த பின்னரே எழுத்தைப் படிக்க வேண்டும்.

பரிசாகவோ பிரியாவிடைக்கோ கொடுத்த பேனையில் பெயரும் திகதியும் செதுக்கியிருந்தால் பின் எல்லை கிடைத்துவிடும்: பேனை அந்தத் திகதிக்கு முன்னரே செய்யப்பட்டது. திகதி இல்லாமல் "சிலோன்" என்ற பெயர் மட்டும் இருந்தாலும் பயனுண்டு. நாடு 1972 மே 22இல் ஸ்ரீ லங்கா ஆனது. நிறுவனங்கள் சில பழைய பெயரை விடாமல் வைத்திருந்தன என்பதால் இதை வலுவான குறிப்பாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ள வேண்டாம்.

எல்லாப் பாகங்களும் ஒத்துப்போகின்றனவா?

பழுதுபார்க்கும்போது நிப்பும் மூடியும் மாறியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே வயது பார்க்க வேண்டும். உயர்ந்த நிறுவனத்தின் பேனையில் பெயரில்லாத 14 கரட் நிப்பு இருந்தால் அது பின்னர் மாற்றியதாக இருக்கக்கூடும். நிப்பு மறைந்திருப்பதால் மட்டும் பார்க்கர் 51 ஆகிவிடாது. சீனாவின் ஹீரோ 616உம் அதே தோற்றத்தில் வந்ததுதான்.

இத்தனையும் பார்ப்பதற்கு முன் பேனையை மினுக்காதீர்கள். உடலிலுள்ள பதிவுகள் மிக மெல்லியவை. ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்பி வரா. நெம்புகோலையும் பலவந்தமாக இழுக்க வேண்டாம். கடற்காற்றில் உள்ளே இருக்கும் உருக்குத் தகடு துருப்பிடித்தும் இறப்பர்ப் பை இறுகியும் இருக்கலாம். இழுத்தால் உடல் வெடிக்கும். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். யார் எழுதிய பேனை, எந்த வேலையில் இருந்தபோது வாங்கியது என்பதை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செய்த ஆண்டை முத்திரையும் புள்ளியும் தரும். எழுதியவரின் கதையை வீட்டார்தான் தர முடியும்.