யுத்தமுனைத் தாதியரும் பின்னாளில் வந்த பிணிகளும்

வியட்நாம் யுத்தத்தில் ஐக்கிய அமெரிக்காவின் படைகளோடு அந்நாட்டிற்குச் சென்ற பெண்கள் ஏறத்தாழ 11,000 பேர். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் தாதியர். ஆடவரைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்த சட்டம் பெண்களைத் தொடவில்லை. ஆதலால் இவர்கள் தாமாகவே படையிற் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆனவர்கள். தாதித் தொழிலைக் கற்று முடித்த கையோடு சென்றோரும் பலர். அந்த யுத்தம் அவர்களுடைய உடலையும் உள்ளத்தையும் நெடுங்காலத்தில் என்ன செய்தது என்ற வினா எளியதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை தேட முற்படுவதற்கே பல ஆண்டுகள் சென்றன.

தாதியரின் பணி யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முந்திய யுத்தங்களிற் காயமுற்றோர் பலர் களத்திலேயே உயிர் நீத்தனர். வியட்நாமிலோ ஹெலிக்கொப்டர் அவர்களை மிக விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இது பெரும் நன்மைதான். ஆனால் களத்திலே மடிந்திருக்கக்கூடியவர்கள் இப்பொழுது சிதைந்த உடலோடு இளந்தாதியின் கையில் வந்து கிடந்தார்கள். ஒரே வேளையிற் பலர் வந்து சேரும்போது, யாரை முதலிற் கவனிப்பது, யாரைக் கைவிடுவது என்று பிரிக்க வேண்டியிருந்தது. பிழைக்கமாட்டார் என ஒதுக்கப்பட்டவரின் அருகில் அமர்ந்து, அவர் இறக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் தாதியே. நோயாளி பிழைத்தாலும் அவன் வேறிடத்திற்கு அனுப்பப்பட்டுவிடுவான். பின்னர் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் அறியாள்.

இந்த யுத்தத்திலே முன்னணி, பின்னணி என்ற வரம்பும் இருக்கவில்லை. 1969 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் திகதி சூ லாய் என்னுமிடத்து இராணுவ வைத்தியசாலையின்மீது வீழ்ந்த றொக்கற் குண்டினால் ஷரன் லேன் என்ற தாதி உயிரிழந்தார். அவருக்கு வயது 25. வியட்நாமிய நோயாளர் விடுதியில் அவர் கடமையில் இருந்தார். வாஷிங்ரன் நகரிலுள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்ட 58,000 இற்கு மேற்பட்ட பெயர்களுள் எட்டுப் பெயர்கள் பெண்களுடையவை. எண்மரும் தாதியர்.

திரும்பி வந்தோரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இது மிகைக்கூற்றன்று. படையிற் சேவை செய்தீரா என்று அமெரிக்கப் பெண்களிடம் குடிசன மதிப்பில் முதன்முதலாக வினவப்பட்டது 1980 ஆம் ஆண்டிலேயாகும். பன்னிரண்டு இலட்சம் பெண்கள் ஆம் என்றனர். அதே ஆண்டிலேதான், பேரதிர்ச்சியின் பின் தோன்றும் மனநோய்க்கு அந்நாட்டு மனநோய் வைத்தியரின் நூலில் ஒரு பெயரும் இலக்கணமும் வகுக்கப்பட்டன. கண்ட காட்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல், உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உற்றாரிடமும் ஒட்டாதிருத்தல் ஆகியன அதன் குறிகள். துப்பாக்கி ஏந்திப் போரிட்டவனுக்கே இந்நோய் வரும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. 1988 இல் வெளியான தேசிய ஆய்வொன்று அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. வியட்நாமிற் பணிபுரிந்த பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர், தம் வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

யுத்தம் முடிந்து நாற்பது ஆண்டுகளாயின. அதன் பின்னர், 2015 இல், நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. அக்காலத்திற் சேவை செய்த பெண்களை ஆய்வாளர் மூன்று கூட்டமாக வகுத்தனர்: வியட்நாமில் இருந்தோர், யப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற அயல்நாடுகளில் இருந்தோர், தாய்நாட்டிலேயே இருந்தோர். ஆராய்ந்தபோது முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 16 பேர் அளவில் அந்நோயால் அப்பொழுதும் வருந்திக்கொண்டிருந்தனர். ஏனைய இரு கூட்டங்களிலும் அது 8, 9 பேர் அளவே. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் தேடியபோது, குண்டும் குருதியும் மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. வேலையின் கடும் நெருக்கடியும், பெண்ணென்பதால் உடன் சேவை செய்தவர்களாலேயே நேர்ந்த இழிவும் தொல்லையும் பெரும் பங்கு வகித்தன. பகைவனால் நேர்ந்த துன்பத்தை ஊரறியச் சொல்லலாம். தன் பக்கத்தவனால் நேர்ந்ததை யாரிடம் சொல்வது?

உடல்நோய்களைப் பொறுத்தவரை ஒரு புதிர் உண்டு. இப்பெண்களின் இறப்பு வீதத்தை அமெரிக்கப் பெண்கள் அனைவருடைய வீதத்தோடும் ஒப்பிட்டால், படையில் இருந்தோரே குறைவாக இறந்துள்ளனர். அங்ஙனமாயின் யுத்தம் உடலுக்கு நன்மை செய்ததா? அவ்வாறு கொள்வது பெருந்தவறு. படையிற் சேர்க்குமுன் வைத்தியப் பரிசோதனை நடைபெறுகிறது. நோயுற்றோர் தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றனர். தெரிந்தெடுத்த நெல்லைக் கலப்பு நெல்லோடு நிறுத்துப் பார்ப்பது போன்றதே இவ்வொப்பீடு. தாதியைத் தாதியோடு ஒப்பிடுவதே நேர்மை. 2014 இல் வெளியான ஆய்வு அவ்வாறு செய்தது. தாய்நாட்டில் இருந்த தாதியரைக் காட்டிலும் வியட்நாமில் இருந்த தாதியரிடையே சதையிப் புற்றுநோயாலும் மூளைப் புற்றுநோயாலும் நேர்ந்த இறப்பு மிகுந்திருந்தது. இத்தகைய இறப்புக்களின் தொகை சிறிதாகலின் அம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும்.

காடுகளின்மீது 1962 முதல் 1971 வரை விமானங்கள் தெளித்த களைகொல்லிகளைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. அவற்றுட் சில டயொக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டிருந்தன. வியட்நாமில் இருந்த பெண்களுக்குப் பின்னர் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைகள் மிகுந்திருந்ததை ஆய்வு காட்டியது. இதன் பயனாக 2000 ஆம் ஆண்டில் அக்குழந்தைகளுக்கு உதவி வழங்கும் சட்டம் நிறைவேறியது. களைகொல்லியே காரணம் என்று அச்சட்டம் கூறவில்லை. தாயின் வியட்நாம் சேவையோடு தொடர்புடைய குறைகள் என்றே கூறிற்று. தாய்க்குச் சான்று தேடுவதில் இன்னும் தொல்லை குறைந்த வழி அதுவேயாகும்.

அவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியோர். வைத்தியரிடம் செல்லும்போது, "நீங்கள் முன்னாட் படைவீரரா?" என்று கேட்டால் அவர்களிற் பலர் இல்லை என்பர், அச்சொல் ஆடவர்க்கே உரியதென்று எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். "நீங்கள் எப்பொழுதாவது படையிற் சேவை செய்ததுண்டா?" என்று வினவினால், விடை வேறாகிறது.