பழைய உதிரிபாகங்களில் கட்டப்படும் பிக்கப் வண்டி

பழைய உதிரிபாகங்களில் கட்டப்படும் பிக்கப் வண்டி என்பது, ஓட்டம் முடிந்த வாகனங்களிலிருந்து கழற்றிய சேஸிஸ், எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில் முதலியவற்றை இணைத்து, கரடுமுரடான தடங்களில் சுமையோடு செல்லுமாறு வீட்டிலோ சிறு பட்டறையிலோ உருவாக்கப்படும் நான்கு சக்கர வண்டியாகும். பெரும்பாலும் பழைய ஜீப் வகை வண்டியே இதற்கு அடிப்படையாக அமைகிறது. இத்தகைய வண்டியை ஓடச் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. அதைப் பாதுகாப்பாக நிறுத்தச் செய்வதும், பொதுச்சாலையில் ஓட்டுவதற்கான பதிவைப் பெறுவதும் கடினமானவை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்தையும் தேவையையும் முன்வைத்து இதன் அமைப்பையும் சட்டநிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் தேவையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் நிலம் மிகுதி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை இங்கு பரவலாகப் பயிரிடப்படுகின்றன. கரிசல் மண் வெயிலில் வெடித்து இறுகும். மழையில் குழைந்து டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். டயரின் பிடிப்பு போய்விடுவதால், பின் சக்கரங்களால் மட்டும் இயங்கும் சாதாரண சரக்கு வண்டி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காட்டுக்குள் இறங்கினால் எளிதில் சிக்கிக்கொள்ளும். மேற்கே பச்சைமலையின் அடிவாரத்தில் கல்லும் ஏற்றமும் கொண்ட தடங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரித் தோப்புகளும் உள்ளன.

கனரக லாரிகள் ஓடும் இடங்களில் வெல்டிங், லேத், பட்டை வேலைப் பட்டறைகள் இயல்பாகவே அமைகின்றன. நாமக்கல் லாரிக் கூண்டு கட்டுவதற்கும், கரூர் பேருந்துக் கூண்டு கட்டுவதற்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. பழைய வாகன உதிரிபாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை அறியப்பட்ட சந்தை. எனவே பழைய பாகத்தை வாங்கி, வெட்டி, ஒட்டி, வேறொன்றாக்கும் கைத்திறன் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

அறியப்பட்ட முன்னோடிகள்

சென்னையின் மீன்பாடி வண்டியும் வட இந்தியாவின் ஜுகாட் வண்டியும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய இருசக்கர வாகன எஞ்சினைப் பொருத்தி மீன்பாடி வண்டி ஓட்டப்பட்டது. பாசன டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி ஜுகாட் கட்டப்பட்டது. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி 1990களில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்பகுதியை மாற்றி, களையெடுக்கவும் விதைக்கவும் உதவும் ‘புல்லட் சாந்தி’ என்ற பண்ணைக் கருவியை உருவாக்கினார்.

நான்கு சக்கர வண்டிக்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு மகாராட்டிர மாநிலம் சாங்கலி மாவட்டம் தேவராஷ்டிரே ஊரைச் சேர்ந்த தத்தாத்ரேய லோகார் கட்டிய சிறு ஜீப். கொல்லுத் தொழில் செய்யும் இவர், பழைய வாகனங்களின் பாகங்களைக் கொண்டு ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவில் அதை முடித்தார். இருசக்கர வாகனத்தைப் போல உதைத்துக் கிளப்பும் முறை அதில் இருந்தது. 2021 டிசம்பரில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா இவரது திறனைப் பாராட்டினார். ஆனால் அந்த வண்டி விதிமுறைகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் அதன் ஓட்டத்தை நிறுத்திவிடுவர் என்றும் குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ வண்டியைத் தர முன்வந்தார். 2022 ஜனவரியில் அந்த மாற்றம் நடந்தது. வீட்டில் கட்டிய வண்டியின் சிறப்பையும் சிக்கலையும் இந்த நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது.

அடிப்படை அமைப்பு

ஜீப் வகை வண்டியில் ஏணி போன்ற தனிச் சேஸிஸ் இருக்கும்; உடற்கூடு அதன்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். உடற்கூட்டைக் கழற்றிய பிறகும் சேஸிஸ் தன் வலிமையை இழப்பதில்லை. எனவே முன்பாதியில் ஓட்டுநர் அறையையும் பின்பாதியில் சரக்குத் தொட்டியையும் அமைக்க இது ஏற்றது. இன்றைய பெரும்பாலான கார்களில் உடற்கூடே சட்டமாகவும் அமைவதால், அவற்றை வெட்டிப் பிக்கப்பாக மாற்றினால் வலிமை குலையும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு டிரான்ஸ்பர் கேஸ் தேவை. கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சில்கள் இரண்டுக்கும் பகிர்வதும், ‘லோ’ நிலையில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதும் இதன் பணி.

எடுத்துக்காட்டாக, முதல் கியரின் விகிதம் 4, லோ நிலையின் விகிதம் 2.5, கிரவுன்–பினியன் விகிதம் 5 எனக் கொள்வோம். மொத்த விகிதம் 4 × 2.5 × 5 = 50. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது சக்கரம் 20 சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் எனில் வண்டி நிமிடத்துக்கு 46 மீட்டர், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவாக நகரும். லோ இல்லாவிட்டால் அதே நிலையில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரை நெருங்கும். கல்லும் சேறும் நிறைந்த இடத்தில் அது மிகை வேகம் என்பதால் ஓட்டுநர் கிளட்சை மிதித்தபடியே ஓட்ட நேரிடும். கிளட்ச் தட்டு கருகும்.

பாகங்களைப் பொருத்துதல்

வெவ்வேறு வண்டிகளிலிருந்து முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் எடுக்கும்போது நேரும் பெரும் பிழை, இரண்டின் கிரவுன்–பினியன் விகிதமும் ஒன்றுதானா எனப் பார்க்காதது. பழைய ஜீப்புகளில் 4.88, 5.38 என்ற இரு விகிதங்களும் உண்டு. வெளித்தோற்றத்தில் அவற்றின் ஹவுசிங் ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டினால், ஒரு ஆக்சிலின் சக்கரங்கள் 100 சுற்று சுற்றும் நேரத்தில் மற்றதன் சக்கரங்கள் 110 சுற்று சுற்ற முயலும். சேற்றில் டயர் வழுக்குவதால் இது உடனே தெரியாது. தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இறுக்கம் ஏறி, டிரான்ஸ்பர் கேஸோ ஆக்சில் ஷாஃப்டோ உடையும்.

விகிதத்தைக் கழற்றாமலே அறியலாம். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு பக்கச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அப்போது ஆக்சிலுக்கு வரும் புரொபல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஏறத்தாழ 4 முக்கால் சுற்றுக்குச் சற்று மேல் எனில் 4.88, 5 கால் சுற்றுக்கும் மேல் எனில் 5.38.

சரக்குத் தொட்டியின் இடம் அடுத்தது. சுமையின் மையம் பின் ஆக்சிலுக்கு மேலோ, அதற்குச் சற்று முன்போ அமைய வேண்டும். இரு ஆக்சில்களுக்கும் இடையே 2 மீட்டர் இடைவெளியுள்ள வண்டியில், 500 கிலோ சுமையின் மையம் பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்சில் 625 கிலோவைத் தாங்கும். முன் ஆக்சிலின்மேல் உள்ள எடையில் 125 கிலோ குறையும். முன்பக்கம் இலகுவானதும் ஏற்றத்தில் ஸ்டீயரிங் பிடி தராது. தொட்டியின் நீளத்தை ஆசைக்கு ஏற்பக் கூட்டுவது இதனால்தான் ஆபத்தானது.

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியவை

சேஸிஸ் சட்டத்தை நேர்குறுக்காக வெட்டி ஒட்டினால் முழு விசையும் ஒரே கோட்டில் விழும். சாய்வாக வெட்டி இணைத்து, பக்கத்தில் வலுத்தகடு வைத்து ஒட்டுவதே முறை. ஸ்பிரிங் பட்டைகள் வெப்பப் பதம் ஏற்றிய எஃகினாலானவை. அவற்றில் வெல்டிங் செய்தால் பதம் கெட்டு, அந்த இடத்திலேயே முறியும். ஸ்டீயரிங் கம்பிகளையும் அவற்றின் மூட்டுகளையும் வெட்டி ஒட்டக் கூடாது. எரிபொருள் தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும் என்பதால் அதனருகே தீப்பொறி படக் கூடாது. வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது ஆல்டர்னேட்டரைக் காக்கும்.

புதிதாகவே வாங்க வேண்டியவை

எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது. பழைய பாகங்களில் எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதற்கு இந்த வேறுபாடே அளவுகோல். ஆக்சில் ஹவுசிங், கியர் பெட்டி, எஞ்சின் ஆகியவற்றைச் சோதித்துப் பழையதாக வாங்கலாம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், பிரேக் குழாய்கள், லைனிங், ஸ்டீயரிங் பந்து மூட்டுகள், சக்கரப் பேரிங்குகள், டயர்கள் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைவிட 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் 2.25 மடங்கு. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். பெரிய டயர் பொருத்தினால் அதே பிரேக்கின் பிடி மேலும் குறையும்.

சட்டநிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த வழியும் இச்சட்டத்தில் ‘பொது இடம்’ ஆகும். எனவே இரண்டு வயல்களுக்கு இடையே உள்ள ஊர்ச் சாலையைக் கடப்பதும் பொது இடத்தில் ஓட்டுவதே. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனமே எனத் தீர்ப்பளித்தது. பதிவு, காப்பீடு முதலிய கடமைகள் அதற்கும் பொருந்தும்.

52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவதற்கும் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புதிய வண்டியாகப் பதிவு செய்ய முயன்றால், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். புனேயிலும் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. பிரேக், புகை, விளக்கு எனப் பலவற்றையும் சோதிக்கும் இம்முறை தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டது. ஒற்றை வண்டி கட்டும் ஒருவர் தாங்கக்கூடிய செலவன்று.

பதிவில்லாத வண்டிக்குச் செல்லத்தக்க காப்பீடு கிடைக்காது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ முடமானாலோ இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும், அவரிடம் சொத்து இல்லாவிட்டால், கையில் வருவது தீர்ப்பு மட்டுமே.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள்

முதல் வழி, பாகங்களைச் சேர்ப்பதற்கு முன் ஆவணத்தைத் தேடுவது. உயிருள்ள ஆர்சி புத்தகமும் அதனுடன் ஒத்துப்போகும் சேஸிஸ் எண்ணும் கொண்ட பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கி, மூல அமைப்பிலேயே புதுப்பித்தால் அது பழுதுபார்ப்பாகவே கொள்ளப்படும். பதிவில் சரக்கு வண்டி எனக் குறிக்கப்பட்டிருந்தால் தொட்டியைப் புதுப்பிப்பது எளிது. பயணிகள் வண்டி எனில் உடல் வகையை மாற்ற முன் ஒப்புதல் வேண்டும். பெரம்பலூர் மாவட்ட வண்டிகள் டிஎன் 46 என்றும், அரியலூர் மாவட்ட வண்டிகள் டிஎன் 61 என்றும் பதிவாகின்றன; ஐயங்களை அந்தந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்பது நல்லது. பதிவு ரத்தான வண்டியின் சேஸிஸ் மலிவாகக் கிடைத்தாலும் சாலைக்கு உதவாது. எஞ்சின் வாங்கும்போது ரசீதும் எண்ணும் இல்லாவிட்டால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வழி, ஆலை வளாகம் போன்ற அடைப்புக்குள் மட்டும் பயன்படும் தனிவகை வண்டி. 2(28)ஆம் பிரிவின் வரையறையிலேயே இதற்கு விலக்கு உண்டு. ஆனால் அது வேலியைத் தாண்டக் கூடாது.

பொறியியல் மாணவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உள்ளது. 2007 முதல் நடைபெறும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியில், கல்லூரி அணிகள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கரட்டுவழி வண்டியைக் கட்டிச் சோதனைத் தடத்தில் ஓட்டுகின்றன.

ஓட்டும் இடம்

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குளக்காநத்தம் பகுதியில் மழைநீர் அரித்த செம்மண், வெண்மண் ஓடைகள் பரந்துள்ளன. கரடுமுரடான தடம் தேடுவோரை இவ்விடம் ஈர்க்கும். ஆனால் இவை கிரெட்டேசியக் காலக் கடலின் படிவுகள்; அம்மோனைட்டு முதலிய தொல்லுயிர் எச்சங்கள் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளக் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகும். டயர் ஒருமுறை நசுக்கிய எச்சத்தை மீட்க முடியாது. டயர் தடமும் அடுத்த மழையில் புதிய அரிப்பாக மாறும். பச்சைமலையின் காப்புக் காடுகளில் வண்டி ஓட்ட வனத்துறையின் அனுமதி தேவை. சொந்த நிலமோ, நில உரிமையாளரின் இசைவு பெற்ற நிலமோதான் இத்தகைய வண்டியைச் சோதிக்க ஏற்ற இடம்.