தாளின் பின்புறத்தில் ஒரு திகதி

எனது அக்காவின் மகள் சித்திரம் படிக்கப் பல்கலைக்கழகம் போகப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் மகிழவில்லை. "தம்பி, நீயாவது அவளுக்குச் சொல்லு. கீறிக்கொண்டு இருந்தால் சோறு வருமோ?" என்று அக்கா என்னிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. மயிலிட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம் 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பின்னர் மல்லாகத்தில் ஒரு நலன்புரி நிலையத்தில் அக்கா பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். அப்படிப்பட்ட தாய், மகள் தாதியாகவோ எழுதுவினைஞராகவோ வரவேண்டும் என்று நினைப்பது குற்றமல்ல. நானும் முதலில் அக்காவின் பக்கமே நின்றேன்.

மகள் விடவில்லை. உயர்தரத்தில் சித்திரம் எடுத்துத் தேறி, உளச்சார்புப் பரீட்சைக்கும் தோற்றி, மருதனார்மடத்தில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவுக்குப் போனாள். பழைய ஆட்கள் அதை இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றே சொல்வார்கள். நான்கு வருடப் படிப்பு. அந்த நான்கு வருடமும் அக்கா செய்த ஒரு காரியத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் திகதி, இடம், எதற்காகக் கீறியது என்ற மூன்றையும் பென்சிலால் எழுதி வைத்தார். மகள் சரிவரவில்லை என்று கசக்கி எறிந்ததையும் அடுப்படியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தார். "வீட்டு உறுதியும் போச்சு, கலியாணப் படமும் போச்சு. இதையாவது வைச்சிருப்பம்" என்பது அவர் சொன்ன காரணம்.

இதன் பெறுமதி எங்கள் ஓவியர்களின் கதையைப் பார்த்தால் விளங்கும். குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்கு கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்றவர். ஆசிரியராக இருந்து பலருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் அவரைச் சிறப்பித்து வெளிவந்தது. 2000இல் அவர் காலமானார். போரும் இடப்பெயர்வும் அவருடைய படைப்புகள் பலவற்றைக் கொண்டுபோய்விட்டன. அவரை அறிய விரும்பும் இன்றைய மாணவருக்கு அந்த நூல் எவ்வளவு பெரிய துணை! யாரோ சிலர் நேரத்தோடு உட்கார்ந்து எழுதியதால் அது மிஞ்சியது. எழுத ஆள் இல்லாமல் போன ஓவியர்கள் எத்தனை பேரோ.

வெளியுலகில் இதற்குப் பேர்போன குடும்பம் ஒன்று உண்டு. ஒல்லாந்து ஓவியர் வின்சென்ற் வான் கோ 1886 தை மாதம் அன்ற்வேர்ப் நகரக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை, சில வாரங்களில் பாரிசுக்குப் போய்விட்டார். அவர் அங்கே என்ன கீறினார், எதற்காக மனம் நொந்தார் என்பதெல்லாம் இன்று எமக்குத் தெரிகிறது. காரணம், மாதாமாதம் காசு அனுப்பிய தம்பி தியோ, அண்ணனின் கடிதங்களைக் கட்டி வைத்திருந்தார். அறுநூற்றைம்பதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. (அண்ணன் அப்படியல்ல. தம்பி எழுதியவற்றில் நாற்பது அளவில்தான் மிஞ்சியது. படிக்கிற பிள்ளை தானாகச் சேர்த்து வைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.) 1890இல் அண்ணனும் ஆறு மாதத்தில் தம்பியும் இறந்தபின், தியோவின் மனைவி யோகன்னா கைக்குழந்தையோடு அந்தக் கடிதங்களையும் விலைபோகாத ஓவியங்களையும் காப்பாற்றி, கடிதங்களை 1914இல் நூலாக்கினார்.

விதைவெங்காயத்தைப் பிடிகட்டித் தூக்கி வைக்கத் தெரிந்த எங்களுக்குத் தாளைக் காப்பது பெரிய வித்தையல்ல. ஆனால் அக்கா முதலில் விட்ட பிழைகளைச் சொல்லவேண்டும். பேனையால் அழுத்தி எழுதினார். முன்பக்கம் தடம் விழுந்தது. கிழிந்த இடத்தைச் செலோரேப்பால் ஒட்டினார். வருடம் போக அது மஞ்சள் கறையாகிவிட்டது. பத்திரிகைத்தாளில் சுற்றியதும் அப்படியே, அதன் புளிப்பு நல்ல தாளையும் பழுதாக்கும். லமினேற் செய்வதும் கூடாது, பின்னர் பிரிக்க முடியாது. கரியால் கீறியவை உரசினால் அழியும். இடையில் மெல்லிய வெள்ளைத்தாள் வைக்கவேண்டும். இப்போது அக்கா இரண்டு பலகை மட்டைகளுக்கிடையில் படுக்கையாக வைத்து, கறையானுக்குப் பயந்து நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் உயரத் தட்டில் வைத்திருக்கிறார். காலை வெளிச்சத்தில் விறாந்தை நிழலில் வைத்து ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கனடாவில் இருக்கும் மச்சாளுக்கும் அனுப்புகிறார். இனி ஓடவேண்டி வந்தாலும் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கும்.

படித்து முடித்தால் சித்திர ஆசிரியர் வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வெற்றிடம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் நேர்முகத்துக்குப் போகும்போது பட்டத்தோடு தொடர்ச்சியான வேலைகளையும் காட்டக்கூடிய பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை.

அக்கா வைத்திருக்கும் கட்டில் முதல் தாள் 2017ஆம் ஆண்டுக்குரியது. அந்த வருடம் ஆடி 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதையண்டிய காணிகளும் 27 வருடத்துக்குப் பின் விடப்பட்டன. எல்லாக் காணியும் அன்று விடப்படவில்லை. எங்களுடையதில் பற்றைக்குள் கிணற்றுக்கட்டும் அத்திவாரமும் மட்டும் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த மருமகள் கொப்பியில் கிணற்றைக் கீறினாள். அக்கா திகதி எழுதத் தொடங்கியது அன்றுதான்.

கடைசி வருட வேலைக்கும் அவள் அந்தக் காணியையே எடுத்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், டில்லியில் ஓவியம் பயின்று திரும்பியவர். இடம்பெயர்ந்த மக்கள் நினைவிலிருந்து கீறித் தந்த வீட்டுப் படங்களைச் சேர்த்து, ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்பை நினைவூட்டும் பெயரோடு 2011இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் பார்த்த மருமகள் தாயிடமும் ஒரு தாளைக் கொடுத்து, 1990இல் விட்டுவந்த வீட்டைக் கீறச் சொன்னாள். "எனக்குக் கீறத் தெரியாது" என்று தொடங்கிய அக்கா மூன்று மணித்தியாலம் குனிந்த தலை நிமிரவில்லை. குசினி, மாட்டுக்கொட்டில், புகையிலைக் குடில் எல்லாம் வந்தன. முருங்கை கிணற்றுக்குக் கிழக்கே நின்றது என்றார் அக்கா. மேற்கே என்றேன் நான். சண்டை முடியவில்லை. மருமகள் இரண்டு முருங்கையையும் கீறவைத்து, தாளைத் திருப்பி, அன்றைய திகதியைப் பென்சிலால் எழுதினாள்.